ஸ்கோப்பின் பெருக்கமும் குறியின் துல்லியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷூட்டிங் ரேஞ்சில் தங்கள் ரைபிளில் புதிதாக ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) மாட்டியவர்களும், பழையதை விட்டுப் பெரிதாக ஒன்று வாங்கத் துடிப்பவர்களும் மாற்றி மாற்றிக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். முதலில் அடிப்படைகள் வருகின்றன, சிக்கலானவை போகப் போக வரும். ஓரிடத்தில் விளக்கியதை மறுபடி விளக்கவில்லை, அந்தப் பதிலைச் சுட்டியிருக்கிறோம்.

ஸ்கோப் மேல 3-9×40னு போட்டிருக்கு. அதை எப்படிப் படிக்கணும்?

முதலில் இருப்பது பெருக்கம், கடைசியில் இருப்பது முன்பக்க லென்ஸின் விட்டம். 3-9 என்றால் 3 மடங்கிலிருந்து 9 மடங்கு வரை வளையத்தைத் திருப்பி மாற்றலாம். 40 என்பது மில்லிமீட்டர். 6×42 என்று போட்டிருந்தால் பெருக்கம் மாறாது, எப்போதும் 6 தான்.

9 மடங்கு என்றால், 90 மீட்டரில் இருக்கும் இலக்கு வெறுங்கண்ணுக்கு 10 மீட்டரில் தெரிகிற அளவில் தெரியும். அதே மடங்கில் பார்வைப் பரப்பு சுருங்கும். இந்த வகை ஸ்கோப்பில் 100 மீட்டர் தூரத்தில் 3 எக்ஸில் (அதாவது 3 மடங்கில்) சுமார் 11 மீட்டர் அகலம் தெரிந்தால், 9 எக்ஸில் 4 மீட்டருக்கும் குறைவாகத்தான் தெரியும்.

எம்ஓஏ, மில்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. அது தெரியாம இதெல்லாம் புரியாதா?

புரியும். ஆனால் கீழே வரும் கணக்குகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன என்பதால் ஒரு நிமிடம் செலவிடுங்கள். இரண்டுமே கோண அளவுகள். ஒரு எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு. 100 மீட்டரில் அது 29 மி.மீ., 200 மீட்டரில் 58 மி.மீ. ஒரு மில் 100 மீட்டரில் 100 மி.மீ. ஆகும்.

டரட்டை (குறுக்குக்கோட்டை நகர்த்த ஸ்கோப்பில் இருக்கும் திருகை) திருப்பும்போது கேட்கிற ஒவ்வொரு கிளிக்கும் இதில் ஒரு சிறு பங்குதான். கால் எம்ஓஏ கிளிக் 100 மீட்டரில் 7.3 மி.மீ. நகர்த்தும், 0.1 மில் கிளிக் 10 மி.மீ. நகர்த்தும்.

எக்ஸ் கூடக் கூட குறி துல்லியமாகும், சரிதானே?

ஒரு எல்லை வரைதான். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். குண்டு எங்கே போகும் என்பதைப் பெருக்கம் தீர்மானிப்பதில்லை. குறுக்குக்கோட்டை எந்த இடத்தில் வைத்திருக்கிறீர்கள் என்பதை நீங்கள் எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறீர்கள் என்பதை மட்டுமே அது மாற்றும். குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட குண்டுகளின் கூட்டம்) பரவுவதற்கு மூன்று காரணங்கள்: ரைபிளும் தோட்டாவும் சேர்ந்து தருகிற சிதறல், பிடிமானத்திலும் விசையிலும் (டிரிக்கரிலும்) நாம் செய்கிற பிழை, குறி வைப்பதில் வருகிற பிழை. பெருக்கம் குறைப்பது மூன்றாவதை மட்டும்.

இந்த மூன்று பிழைகளையும் நேராகக் கூட்டக் கூடாது. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஒரு கணக்குக்காக, ரைபிளும் தோட்டாவும் 1.5 எம்ஓஏ, பிடிமானம் 1 எம்ஓஏ என்று வைத்துக்கொள்வோம். குறி வைக்கும் பிழை 2 எம்ஓஏ என்றால் மொத்தம் 2.69, அதாவது 100 மீட்டரில் 78 மி.மீ. சாதாரண ஸ்கோப் ஒன்றை மாட்டி அந்தப் பிழையை 0.5-க்குக் கொண்டுவந்தால் மொத்தம் 1.87 ஆகிறது, அதாவது 54 மி.மீ. பெரிய லாபம். இனி 24 எக்ஸ் வாங்கி அதையே 0.1 ஆக்குங்கள். மொத்தம் 1.81, அதாவது 53 மி.மீ. அத்தனை செலவுக்கும் கிடைத்தது இரண்டு மில்லிமீட்டர் கூட இல்லை.

பெரிய பிழை ஒன்று உட்கார்ந்திருக்கும்போது சின்னப் பிழையைத் தேய்த்துப் பயனில்லை. அந்த நிலையில் அந்தப் பணத்தை வேறு வேறு தோட்டாக்களைச் சுட்டுப் பார்ப்பதிலும் பயிற்சியிலும் போடுவதே நல்லது.

ஒலிம்பிக்ல ஸ்கோப்பே இல்லாம பத்துப் பத்தா அடிக்கிறாங்களே, அது எப்படி?

50 மீட்டர் ரைபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியில்லை, பெருக்கமில்லாத துளைக் குறிதான். அந்த இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. கோணத்தில் அது முக்கால் எம்ஓஏ கூட இல்லை. நல்ல கண்ணால் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடிவதே ஏறத்தாழ 1 எம்ஓஏ என்கிறபோது இது முடியாத காரியம் போலத் தோன்றும்.

முடிவதற்குக் காரணம், அவர்கள் பத்தாம் வளையத்தைப் பார்த்துச் சுடுவதில்லை. முன்குறியின் வளையத்துக்குள் இலக்கின் கரிய வட்டத்தை நடுவில் நிறுத்துகிறார்கள். சுற்றிலும் தெரிகிற வெள்ளை ஓரம் எல்லாப் பக்கமும் ஒரே அகலமா என்று ஒப்பிடுவதில் மனிதக் கண், புள்ளிகளைப் பிரிப்பதைக் காட்டிலும் பல மடங்கு கூர்மையானது. ஸ்கோப்பிலும் இதே உத்தி செல்லும். வெறும் வெள்ளைத் தாளில் ஒரு புள்ளியைக் குத்திக் குறி வைப்பதைவிட, குறுக்குக்கோடு நான்காகச் சமமாகப் பிரிக்கும்படி ஒரு சதுரமோ வட்டமோ வரைந்துகொண்டால், பெருக்கத்தைக் கூட்டாமலே குறி கூர்மையாகும்.

சரி, எவ்வளவு தூரத்துக்கு எத்தனை எக்ஸ் வேணும்?

இலக்கின் அளவைச் சொல்லாமல் தூரத்தை மட்டும் சொன்னால் விடை வராது. தோராயமாகச் சொன்னால், தட்டு அளவுள்ள இலக்குக்கு 100 மீட்டரில் 4 எக்ஸ் தாராளம். தாளில் குரூப் பார்க்க 100 மீட்டரில் 9 முதல் 12. தூரம் மாறி மாறி வரும் இரும்புத்தகடு போட்டிகளில் சுடுபவர்கள் 25 எக்ஸ் ஸ்கோப் வைத்திருந்தும் பெரும்பாலும் 12 முதல் 18-க்குள்தான் வளையத்தை நிறுத்துகிறார்கள். அடுத்த தகட்டைத் தேடவும், குண்டு விழுந்த புழுதியைப் பார்க்கவும் அகலமான பார்வை வேண்டும்.

தன் குண்டு துளைத்த ஓட்டையைத் தானே பார்க்க வேண்டும் என்பதற்காகவே பெருக்கம் கேட்பவர்கள் உண்டு. 5.6 மி.மீ. ஓட்டை 100 மீட்டரில் 0.2 எம்ஓஏ-க்கும் குறைவு. 5 எக்ஸில் அது கண்ணின் எல்லையைத்தான் தொடும், ஓட்டை என்று உறுதியாகச் சொல்ல 12-க்கு மேல் வேண்டும், அதுவும் வெள்ளைப் பகுதியில் விழுந்திருந்தால். இந்த வேலைக்குத் தனியாக முக்காலியில் நிற்கும் ஒரு தொலைநோக்கி போதும். ரைபிளின் மேல் அந்த எடையை ஏற்ற வேண்டாம்.

பெருக்கத்தைக் கூட்டினா குறுக்குக்கோடு ஆடிக்கிட்டே இருக்கு. ஸ்கோப் கோளாறா?

இல்லை. ஆடுவது நீங்கள், ஸ்கோப் அதைக் காட்டுகிறது. மூச்சும் நாடித்துடிப்பும் தோள் தசையும் சேர்ந்து ரைபிளை எப்போதும் அசைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. 5 எக்ஸில் கண்ணில் படாத அசைவு 20 எக்ஸில் நான்கு மடங்காகத் தெரிகிறது. அசைவின் உண்மை அளவு இரண்டிலும் ஒன்றே.

கெடுதல் அதைப் பார்த்த பிறகு வருகிறது. கோடு நடுவைக் கடக்கிற நொடியில் பிடித்துவிட வேண்டும் என்று விரல் விசையை வெடுக்கென்று இழுக்கிறது. அந்த இழுப்பில் வருகிற பிழை அசைவைவிடப் பெரியது. உங்களுக்கான பெருக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி: ரைபிளின் தோட்டா அறை காலியாக இருப்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, பாதுகாப்பான திசையில், தோட்டா இல்லாமல் விசை இழுத்துப் பழகுங்கள். பழைய ரிம்ஃபயர் ரைபிள்கள் (தோட்டாவின் விளிம்பில் ஊசி தட்டும் வகை) சிலவற்றை இப்படி வெறுமனே தட்டினால் அந்த ஊசி சேதமாகும், அவற்றுக்கு வெடிக்காத போலித் தோட்டா போட்டுக்கொள்ளுங்கள். ரைபிளின் ஊசி தட்டும் சத்தம் கேட்கும்போது கோடு எங்கே நின்றது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். 6-ல் பத்து முறை, 12-ல் பத்து முறை, 18-ல் பத்து முறை. எந்தப் பெருக்கத்தில் விரல் அவசரப்படத் தொடங்குகிறதோ, அதற்கு ஒரு படி கீழே வளையத்தை நிறுத்துங்கள். நின்றபடி சுடும்போது அந்த எண் சிறியதாகவும், மணல் மூட்டையில் வைத்துச் சுடும்போது பெரியதாகவும் இருக்கும்.

24ல வெச்சா படம் இருட்டா, கலங்கலா ஆகுது. லென்ஸ் மட்டமா?

மட்டமான லென்ஸாகவும் இருக்கலாம். ஆனால் நல்ல லென்ஸும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. முன்பக்க லென்ஸின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், பின்பக்கம் வெளியே வரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 40 மி.மீ. ஸ்கோப்பில் 8 எக்ஸில் அது 5 மி.மீ., 24-ல் 1.7 மி.மீ. பொழுது சாயும் நேரத்தில் கண்ணின் பாவை 5 மி.மீ. விரிந்திருக்கிறது என்றால், 24 எக்ஸில் படத்தின் பிரகாசம் 8 எக்ஸில் இருந்ததில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான். வளையத்தைக் குறைத்தால் படம் பளிச்சென்று திரும்ப வரும்.

கலங்கலுக்குக் காரணம் வேறு. ஒளி அலையாக இருப்பதால் எந்த லென்ஸும் ஓரளவுக்கு மேல் நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டாது. 40 மி.மீ. லென்ஸின் எல்லை ஏறத்தாழ 3 விகலை (ஒரு விகலை என்பது ஒரு எம்ஓஏ-யில் 60-ல் ஒரு பங்கு). கண்ணின் எல்லை 60 விகலை. ஆக 20 எக்ஸ் வந்ததும் லென்ஸ் தரக்கூடிய நுணுக்கம் முழுதும் கண்ணை எட்டிவிடுகிறது. அதற்கு மேல் படம் பெரிதாகும், புதிதாக எதுவும் தெரியாது. முன்லென்ஸ் விட்டத்தில் பாதி வரைதான் பெருக்கத்துக்கு உண்மையான பயன் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஜூம் கூட்டினா ஓரத்துல கறுப்பா பிறை மாதிரி வருது, கண்ணை எங்க வைக்கிறதுன்னே தெரியல.

மேலே சொன்ன ஒளிக்கற்றை மெலிந்துபோவதன் இன்னொரு விளைவு. 5 மி.மீ. கற்றையில் கண் கொஞ்சம் விலகினாலும் படம் முழுதாகத் தெரியும். 2 மி.மீ. கற்றையில் தலை சிறிது நகர்ந்தாலே பிறை விழும். கண்ணுக்கும் பின்லென்ஸுக்கும் இடையே வேண்டிய தூரம் பெரும்பாலும் 8 முதல் 10 செ.மீ. பல ஸ்கோப்புகளில் பெருக்கம் கூடும்போது அதுவும் சற்றுக் குறையும்.

ஆகவே ஸ்கோப்பை மாட்டும்போதே அதிகபட்சப் பெருக்கத்தில் வைத்து இடம் பாருங்கள். வளையங்களைத் தளர்வாக விட்டு, கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தை ரைபிளின் கட்டையில் இயல்பாகப் பதித்து, பிறகு கண்ணைத் திறங்கள். படம் முழு வட்டமாகத் தெரியும்வரை ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்தி இறுக்குங்கள். கன்னம் கட்டையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றால்தான் படம் தெரிகிறது என்றால், கட்டையை உயர்த்த வேண்டும்.

பேரலாக்ஸ்னா என்ன? என் ஸ்கோப்புல அதுக்கு நாப் இருக்கு, ஆனா தொட்டதே இல்ல.

இலக்கின் பிம்பமும் குறுக்குக்கோடும் ஸ்கோப்புக்குள் ஒரே தளத்தில் விழவில்லை என்றால், கண் நகரும்போது கோடு இலக்கின் மேல் வழுக்கும். அதுதான் பேரலாக்ஸ். நாப் இல்லாத ஸ்கோப்புகளில் ஒரு தூரத்துக்கு நிலையாக அமைத்துவிடுகிறார்கள். பெரிய ரைபிள்களுக்கு 100 கஜம், ரிம்ஃபயருக்கு 50 கஜம் என்பது வழக்கம்.

பெருக்கத்தோடு இதற்கு உள்ள தொடர்பைப் பலரும் கவனிப்பதில்லை. கண் நடுவிலிருந்து எவ்வளவு விலகியதோ அதைப் பெருக்கத்தால் பெருக்கி, தூர வித்தியாசத்தை அமைத்த தூரத்தால் வகுத்து வரும் எண்ணாலும் பெருக்கினால் பிழை கிடைக்கும். 100 மீட்டருக்கு அமைத்த ஸ்கோப்பால் 200 மீட்டரில் சுடும்போது கண் 1 மி.மீ. விலகினால், 3 எக்ஸில் பிழை 3 மி.மீ., 9 எக்ஸில் 9 மி.மீ. கண் ஒளிக்கற்றையின் ஓரத்துக்கே போனாலும் பிழை முன்லென்ஸின் ஆரத்தைத் தாண்டாது, அதாவது 40 மி.மீ. ஸ்கோப்பில் இந்தத் தூரத்தில் 20 மி.மீ. சிறிய பெருக்கத்தில் மன்னித்துவிடக்கூடியது, பெரிய பெருக்கத்தில் மன்னிக்க முடியாதது.

சரிசெய்யும் வரிசை முக்கியம். முதலில் கண்ணுக்கு அருகிலுள்ள வளையத்தை அமையுங்கள்: வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ நோக்கி (சூரியனை ஒருபோதும் அல்ல) இரண்டு மூன்று நொடி மட்டும் பார்த்து, குறுக்குக்கோடு பார்த்தவுடனே கூர்மையாகத் தெரியும்வரை திருப்புங்கள். நீண்ட நேரம் பார்த்தால் கண் தானே ஈடுகட்டிக்கொண்டு ஏமாற்றும். பிறகு, தோட்டா இல்லாத ரைபிளை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, அதைத் தொடாமல் தலையை மட்டும் மேலும் கீழும் லேசாக நகர்த்துங்கள். கோடு இலக்கின் மேல் நகர்வது நிற்கும்வரை பேரலாக்ஸ் நாபைத் திருப்புங்கள். நாபில் எழுதியிருக்கும் தூர எண் ஒரு தொடக்கம் மட்டுமே, நம்ப வேண்டியது கோடு நகராமல் நிற்பதை.

மதியம் ஆனா இலக்கு தண்ணிக்குள்ள நெளியுற மாதிரி தெரியுது. ஸ்கோப்பை மாத்தணுமா?

தரையிலிருந்து எழும் வெப்பக்காற்றுதான் நெளிகிறது. அதையும் சேர்த்துத்தான் ஸ்கோப் பெருக்குகிறது, ஆகவே விலை உயர்ந்த ஸ்கோப்பிலும் நெளியும். 20-லிருந்து 10 அல்லது 12-க்கு இறக்குங்கள். குழல் சூடாகி அதன் மேலிருந்து எழும் அலை வேறு: நாலைந்து தோட்டா சுட்டதும் தொடங்கி, ஓய்வு கொடுத்தால் அடங்கும். குழலின் மேல் நீளவாக்கில் ஒரு பட்டையைக் கட்டினால் அது ஓரங்களுக்கு விலகிப்போகும்.

எஃப்எஃப்பி, எஸ்எஃப்பி, இதுல எது துல்லியம்?

துல்லியத்தில் இரண்டும் ஒன்று, அளக்கும் விதத்தில்தான் வேறு. எஃப்எஃப்பி என்பது முதல் குவியத்தளம், எஸ்எஃப்பி என்பது இரண்டாம் குவியத்தளம். எஃப்எஃப்பியில் குறுக்குக்கோடு முன் குவியத்தளத்தில் இருப்பதால் இலக்கோடு சேர்ந்து பெரிதாகும், சிறிதாகும். கோட்டிலுள்ள 1 மில் எல்லாப் பெருக்கத்திலும் 1 மில். எஸ்எஃப்பியில் கோடு எப்போதும் ஒரே தடிமனில் தெரியும். அதன் அளவுகள் ஒரே ஒரு பெருக்கத்தில்தான் சரி, பெரும்பாலும் அதிகபட்சத்தில். 16 எக்ஸில் 1 மில் காட்டும் கோடு 8-ல் 2 மில் ஆகிவிடும். இதை மறந்து 8-ல் ஒரு கோடு மேலே பிடித்துச் சுட்டால் 300 மீட்டரில் 30 செ.மீ. மேலே போகும்.

டரட்டைத் திருப்பியே சுடுபவருக்கும் ஒரே தூரத்தில் சுடுபவருக்கும் எஸ்எஃப்பி போதும். கோட்டைக் கொண்டு உயரம் பிடிப்பவருக்கு எஃப்எஃப்பி. அதில் சிறிய பெருக்கத்தில் கோடு நூலாகி மறைவது ஒரு குறை.

அப்ப பெருக்கத்தை மாத்தினா கிளிக் அளவும் மாறுமா?

மாறாது. கிளிக் குறுக்குக்கோட்டைத் தாங்கும் உள்குழலை நகர்த்துகிறது, அது எஃப்எஃப்பியானாலும் எஸ்எஃப்பியானாலும் எந்தப் பெருக்கத்திலும் ஒரே கோணம்தான். முந்தைய பதிலில் மாறுவதாகச் சொன்னது கோட்டின் மேல் போட்டிருக்கும் அளவுகள் மட்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, 4 எக்ஸில் ஜீரோ செய்யும்போது (குண்டு விழும் இடத்தோடு கோட்டைப் பொருத்தும்போது) கிளிக்கை இரட்டிப்பாகத் திருப்பித் தோட்டாவை வீணாக்குவது அடிக்கடி நடக்கிறது.

9ல ஜீரோ பண்ணிட்டு 3ல சுட்டா குண்டு வேற இடத்துல விழுமா?

நல்ல ஸ்கோப்பில் விழக் கூடாது. எஸ்எஃப்பியில் மட்டும் ஒரு வாய்ப்பு உண்டு: பெருக்கத்தை மாற்றும் லென்ஸ்கள் நேர்க்கோட்டில் நகராவிட்டால் பிம்பம் சற்று விலகும், கோடு அதற்குப் பின்னால் இருப்பதால் கூடவே விலகாது. எஃப்எஃப்பியில் கோடும் பிம்பமும் சேர்ந்தே நகர்வதால் இது வெளியே தெரியாது. சோதிக்கத் தோட்டா வேண்டாம். காலி ரைபிளைப் பிடிப்பானில் இறுக்கி, கோட்டை ஒரு புள்ளியில் வைத்து, வளையத்தை மெதுவாகத் திருப்பிக்கொண்டே பாருங்கள். கோடு புள்ளியை விட்டு நகர்ந்தால், எந்தப் பெருக்கத்தில் சுடுவீர்களோ அதிலேயே ஜீரோ செய்துகொள்ளுங்கள்.

பெரிய ஸ்கோப் போட்ட பிறகு குரூப் முன்னைவிடப் பெருசாயிடுச்சு. எங்கிருந்து தேடறது?

மலிவானதிலிருந்து தொடங்குங்கள். முதலில் திருகுகள்: பெரிய ஸ்கோப் கனமானது, அதிர்வில் அடித்தளத் திருகு தளரும். வளையத் திருகுகளுக்கு 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் வரை என்பது பரவலான அளவு, தயாரிப்பாளர் வேறு சொல்லியிருந்தால் அதுவே சரி. அளவுக்கு மீறி இறுக்கினால் ஸ்கோப்பின் குழல் நசுங்கி உள்ளே நகர வேண்டியது சிக்கிக்கொள்ளும். அடுத்து பேரலாக்ஸ். அதன் பிறகு கன்னம்: முன்லென்ஸ் பெரிதானதால் ஸ்கோப் உயர்ந்திருக்கும், தலை பழைய இடத்தில் நிற்காது. இவை மூன்றும் சரியென்றால் விரலைச் சந்தேகப்படுங்கள், அசைவு பற்றிய பதிலில் சொன்ன பயிற்சி அதைக் காட்டிக்கொடுக்கும்.

குரூப்கள் பக்கவாட்டில் தள்ளிப்போவது தூரத்தில் மட்டும் என்றால் ரைபிள் சாய்கிறது. 3 டிகிரி சாய்ந்தால், குண்டின் வீழ்ச்சிக்காக 3 மீட்டர் உயரம் கொடுத்திருக்கும் தூரத்தில் குண்டு 15 செ.மீ.க்கு மேல் ஒதுங்கும். பெருக்கம் இதைக் காட்டாது, ஸ்கோப்பில் ஒட்டும் நீர்மட்டக் குமிழ் காட்டும்.

ஸ்பிரிங் ஏர் ரைபிளில் என்றால் ஸ்கோப்பே உள்ளே உடைந்திருக்கலாம். அதில் பிஸ்டனால் அதிர்வு பின்னால் ஒரு முறை, முன்னால் ஒரு முறை வருகிறது. சாதாரண ஸ்கோப் பின்னோக்கிய அதிர்வுக்கே செய்யப்பட்டது. ஏர் ரைபிளுக்கு என்று குறிப்பிட்டுச் செய்ததை மட்டும் மாட்டுங்கள்.

இவ்வளவும் சரின்னா, பெஞ்ச்ரெஸ்ட் காரங்க 36, 45 எக்ஸ் ஏன் வெச்சிருக்காங்க?

நல்ல கேள்வி, மூன்றாவது பதிலின் கணக்கிலேயே விடை இருக்கிறது. மேசையில் தாங்கி வைத்துச் சுடும் அந்த ரைபிள்களின் சிதறல் மிகச் சிறியது. ரைபிள் 0.2, பிடிமானம் 0.1, குறி வைக்கும் பிழை 0.3 என்று வையுங்கள்: மொத்தம் 0.37. பெருக்கத்தைக் கூட்டிக் குறிப்பிழையை 0.08 ஆக்கினால் 0.24. இங்கே பெரிய பிழையே குறி வைப்பதுதான், அதனால் பெருக்கம் முழு லாபம் தருகிறது. அசைவு இல்லை, இலக்கு இடம் மாறுவதில்லை, அகலமான பார்வை தேவையில்லை.

ஃபீல்ட் டார்கெட் போட்டியில் ஏர் ரைபிளில் 40 எக்ஸ் வைத்திருப்பவர்களின் காரணம் வேறு. அவர்கள் தூரத்தை அளப்பதற்கே அதைப் பயன்படுத்துகிறார்கள். பெருக்கம் கூடினால் குவியம் கூர்மையாக இருக்கும் தூர இடைவெளி சுருங்கும். பக்கச் சக்கரத்தைத் திருப்பி, இலக்கில் கட்டியிருக்கும் கயிற்றின் இழை தெளிவாகத் தெரிகிற இடத்தில் நிறுத்தி, சக்கரத்தில் தாங்களே குறித்துவைத்த எண்ணைப் படித்து, அதற்குரிய கிளிக்கைத் திருப்புகிறார்கள். ஏர் ரைபிள் குண்டு மெதுவாகப் போவதால் தூரத்தில் இரண்டு மூன்று மீட்டர் தவறினாலே உயரம் பிசகிவிடும். சிறிய பெருக்கத்தில் பல மீட்டர்களுக்கு இழை ஒரே தெளிவில் இருக்கும், எங்கே நிறுத்துவது என்றே தெரியாது.